வசனம் முதலா, படம் முதலா: காமிக்ஸ் பக்கத்தைத் திட்டமிடும் மூன்று வழிகள்

ஒரு காமிக்ஸ் பக்கத்தைத் தொடங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது அதில் எத்தனை கட்டங்கள் இருக்கும் என்பதன்று; பாத்திரங்களின் பேச்சு அந்தப் பக்கத்துக்குள் எப்போது நுழையப்போகிறது என்பதே. வசனம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு அதற்குப் படம் வரையலாம். கதைச் சுருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படங்களை வரைந்துவிட்டுப் பிறகு அவற்றைப் பேசவைக்கலாம். அல்லது உள்ளங்கையளவுச் சிறு வரைவில் குச்சி மனிதர்களையும் அவர்களுடைய வசனத்தையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கலாம். மூன்று வழிகளிலும் சிறந்த பக்கங்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எந்தப் பலூனை (பாத்திரத்தின் பேச்சை அடைத்துக்காட்டும் வட்டத்தை) முதலில் படிப்பது என்று வாசகர் திண்டாடும் பக்கங்களும் வந்திருக்கின்றன. ஆகையால் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. எந்த வழியில் எந்தப் பிழை எளிதாக நேர்கிறது, அந்தப் பிழை பென்சில் நிலையிலேயே தெரியவருகிறதா, மை காய்ந்த பிறகுதான் தெரியவருகிறதா என்று கேட்டால் தேர்வு செய்வது எளிதாகும்.

ஒப்பிடுவதற்கு ஒரு சிறு காட்சியை வைத்துக்கொள்வோம். கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் ஒரு சிறுமி, நின்றுபோன பாக்கெட் கடிகாரத்தைக் கொண்டுவருகிறாள். “எத்தனை நாளா ஓடலம்மா?” என்று அவர் கேட்கிறார். “தாத்தா போன அன்னைக்கே நின்னுடுச்சு ஐயா” என்கிறாள். அவர் பின்மூடியைத் திறக்கிறார். பழுதுபார்ப்பவர்கள் தம் அடையாளத்துக்காக மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிவைக்கும் குறியொன்று அங்கே இருக்கிறது. அது அவர் கீறிய குறிதான். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “இதை நான் முன்னாடியே ஒரு தடவை திறந்திருக்கேன்” என்கிறார். மூன்று வசனம், ஒரு மௌனம், ஒரு பொருள், இரண்டு முகங்கள். ஒரு பக்கத்துக்கு இது தாராளம்.

முழு ஸ்கிரிப்ட்

முதல் வழியில் இந்தக் காட்சி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வருணனையும் வசனமும் எழுதப்பட்ட பிறகே ஓவியர் பென்சிலை எடுக்கிறார். இந்த முறையின் எல்லையைப் பார்க்க விரும்புபவர்கள், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986, 1987 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த ‘வாட்ச்மென்’ தொடரைப் பார்க்கலாம். அதன் முதல் இதழுக்கு மட்டும் மூர் அனுப்பிய ஸ்கிரிப்ட், வரிகளுக்கிடையே இடம்விடாமல் தட்டச்சு செய்த 101 பக்கங்கள் என்று கிப்பன்ஸ் கூறியிருக்கிறார். அந்தத் தொடரின் அடிப்படைச் சட்டகம் பக்கத்துக்கு ஒன்பது சம கட்டங்கள். சொல்லால் திட்டமிடுபவருக்கு இத்தகைய சீரான சட்டகம், வெண்பா எழுதுபவருக்குத் தளையைப் போல, கட்டுப்பாடாகவும் ஊன்றுகோலாகவும் இருக்கிறது. கட்டத்தின் அளவு முன்பே தெரிந்திருப்பதால் ஒரு வசனம் அதில் அடங்குமா, ஒரு மௌனத்துக்கு ஒரு கட்டம் போதுமா, இரண்டு கட்டம் வேண்டுமா என்பதையெல்லாம் எழுத்தாளர் ஒரு கோடுகூடப் போடாமல் கணக்கிட்டுவிடலாம். அளவு மாறிக்கொண்டே இருக்கும் கட்டங்களில் கதை சொல்ல நினைப்பவருக்கு முழு ஸ்கிரிப்ட் அவ்வளவாக உதவுவதில்லை. எழுத்தாளர் மனத்தில் கண்ட கட்டம் ஒன்றாகவும் ஓவியர் வரைந்த கட்டம் வேறாகவும் இருக்கும்.

கணக்கிட முடிவதே இந்த வழியின் முதன்மையான பலன். அமெரிக்கப் பதிப்பாசிரியர் மோர்ட் வைசிங்கர் வகுத்ததாக மூர் எடுத்துச்சொன்ன வரம்பு ஒன்றுண்டு: பக்கத்துக்கு ஆறு கட்டங்கள் என்றால் ஒரு கட்டத்தில் அதிகபட்சம் 35 சொற்கள், ஒரு பலூனில் அதிகபட்சம் 25 சொற்கள். அப்படியானால் பக்கம் முழுவதற்கும் 210 சொற்கள்தாம் இடமுண்டு. ஆனால் ஆங்கிலத்துக்கு வகுத்த இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முயன்று நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்பது எண்ணிக்கையில் ஒரே சொல். சிறிய பலூனிலோ அது ஒரு வரிக்குள் அடங்காது, நடுவில் உடைத்தாலும் பார்வைக்கு நன்றாக இராது. ஆங்கிலக் காமிக்ஸ் பெரும்பாலும் கேபிடல் எழுத்துகளிலேயே அச்சிடப்படுவதால் எல்லா எழுத்துகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றன, வரிகளை நெருக்கி அடுக்க முடிகிறது. தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே வளைந்து நிற்க, ‘கு’, ‘து’, ‘ழு’ கீழே இறங்குவதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விட்டாக வேண்டும். இதனால் சொல்லை எண்ணுவதைவிட வரியை எண்ணுவதே தமிழுக்கு நம்பகமானது. ஒரு பலூனுக்கு நான்கு வரி, வரிக்கு இரண்டு அல்லது மூன்று சொல் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. அதற்கு மேல் போகும் பேச்சை இரண்டு பலூன்களாகப் பிரித்து ஒரு சிறு பாலத்தால் இணைத்துவிடுகிறேன். பேச்சு வழக்கில் எழுதும்போது ‘சொல்லிட்டிருந்தாங்க’ என்று சொற்கள் சுருங்குவதும் ஒரு வசதி. பாத்திரங்களை உரைநடைத் தமிழில் பேசவைப்பதா, பேச்சுத் தமிழில் பேசவைப்பதா என்பதை நடை சார்ந்த முடிவாகவே பலர் கருதுகிறார்கள். பக்கத்தில் படத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

முழு ஸ்கிரிப்டில் எளிதாக நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, ஒரே கட்டத்தில் பல செயல்களைத் திணிப்பது. ‘அவர் கடிகாரத்தை வாங்கி, மூடியைத் திறந்து, குறியைக் கண்டு திகைக்கிறார்’ என்பது எழுத்தில் ஒரு வாக்கியம். படத்தில் அது மூன்று கட்டங்கள். எழுதும்போது வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம் தருவதால் இந்தப் பிழையில் நாம் சுலபமாக விழுகிறோம். ஸ்கிரிப்டை மறுமுறை படிக்கும்போது ஒவ்வொரு கட்ட வருணனையிலும் எத்தனை வினையெச்சங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல சோதனை. ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கட்டத்தைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். முகபாவத்துக்கும் இதே விதிதான்: ஒரு கட்டத்தில் ஒரு முகத்துக்கு ஒரே பாவந்தான். கேள்வி, பதில், அந்தப் பதிலுக்கு மறுமொழி என்று மூன்று பேச்சை ஒரே கட்டத்தில் வைத்தால், முதலில் கேள்வி கேட்டு இறுதியில் அதிர்ந்துபோகும் மனிதரின் முகத்தை எந்த நிலையில் வரைவது என்று ஓவியர் தவித்துப்போவார்.

இரண்டாவது பிழை, யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மறந்துவிடுவது. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று வழிகளையும் உரசிப்பார்க்கும் கல் இதுதான்.

முதலில் பேசுபவர் எங்கே நிற்பது

இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படிக்கும் மொழியில், ஒரு கட்டத்துக்குள் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நின்றால் ஒரு சிக்கலும் இல்லை. பலூன்கள் தாமாகவே முறையாக அமைந்துவிடும். நம் காட்சியில் முதலில் பேசுபவர் முதியவர். ஆனால் பக்கத்தின் முதல் கட்டத்தில் சிறுமி இடப்பக்கமுள்ள வாசல் வழியாக நுழைகிறாள். அவர் வலப்பக்கம் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். வாசகரின் கண்ணும் இடமிருந்து வலமாகவே வருவதால், அவள் அந்தத் திசையில் நுழைவதுதான் இயல்பு. மூன்றாவது கட்டத்துக்கு வந்தால் கேள்வி வலப்பக்கத்திலும் பதில் இடப்பக்கத்திலும் இருக்கின்றன. அவரவர் தலைக்கு மேல் நேராகப் பலூன்களை வைத்தால் வாசகர், “தாத்தா போன அன்னைக்கே நின்னுடுச்சு ஐயா” என்பதை முதலில் படிப்பார், அதன் பிறகு, “எத்தனை நாளா ஓடலம்மா?” என்ற கேள்வி வந்து நிற்கும். அவர் மீண்டும் ஒருமுறை படித்துச் சரிசெய்துகொள்வார் என்பது உண்மைதான். ஆனால் கதையின் பிடி அந்த நொடியில் நழுவிவிடும்.

இதைத் தீர்க்க வழிகள் உண்டு. முதியவரின் பலூனைக் கட்டத்தின் உச்சியில் நடுப்பகுதிவரை இடப்பக்கம் தள்ளிவைத்துச் சிறுமியின் பலூனைத் தெளிவாகக் கீழே இறக்கலாம். அதற்கு அவள் தலைக்கு மேல் இரண்டு பலூன்கள் ஏறிநிற்கும் அளவுக்கு வெற்றிடம் வேண்டும், பேசுபவரைச் சுட்டும் முதல் பலூனின் வால் வளைந்து நெடுந்தூரம் போக வேண்டும். வேண்டுமென்றே அவளைக் குள்ளமாகவும் அவரை உயரமாகவும் அமைத்தால் இது இயல்பாகவே பொருந்தும். சிறுமி, முதியவர் என்ற தேர்வே இங்கே கைகொடுக்கிறது. அடுத்த வழி, கேள்வியை ஒரு கட்டத்திலும் பதிலை மறுகட்டத்திலும் வைப்பது. ஒரு கட்டம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் பதிலுக்குத் தனி முகம் கிடைக்கும். மூன்றாவது வழி, பார்வைக் கோணத்தையே மறுபுறம் கொண்டுபோய் முதியவரை இடப்பக்கம் ஆக்குவது. திரைப்படத்தில் இருவருக்கிடையே ஒரு கற்பனைக் கோட்டை இழுத்து, கேமரா அதைத் தாண்டக் கூடாது என்பார்களே, அதே எச்சரிக்கை இங்கும் உண்டு: தக்க காரணமின்றி இடம் மாற்றினால் யார் எங்கே என்று வாசகர் குழம்புவார். அறை முழுவதையும் காட்டும் அகலமான கட்டமோ, கடிகாரத்தை மட்டும் காட்டும் கட்டமோ இடையில் வந்தால் அந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். நான் பெரும்பாலும் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுக்கிறேன்; வசனம் முக்கியமானதாக இருந்தால் ஒரு கட்டத்தைச் செலவிடத் தயங்க வேண்டியதில்லை.

கட்டங்களை அடுக்கும் விதத்திலும் இதே போன்ற இடறல் உண்டு. இடப்பக்கம் நெடிய கட்டம் ஒன்றும் அதன் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு கட்டங்களும் இருந்தால் குழப்பம் இல்லை. அதையே திருப்பிப் போட்டு, இரண்டு சிறு கட்டங்களை இடப்பக்கமும் நெடிய கட்டத்தை வலப்பக்கமும் வைத்தால், முதல் சிறு கட்டத்தைப் படித்து முடித்த கண் கீழே இறங்குவதா, வலப்பக்கம் போவதா என்று தயங்கும். இந்த அமைப்புதான் வேண்டுமென்றால் பலூன்களைக் கொண்டு வழிகாட்டலாம்: முதல் சிறு கட்டத்தின் கடைசிப் பலூனைக் கீழ்க்கோட்டின்மேல் அமர்த்தி, அடுத்த கட்டத்துக்குள் சற்றே எட்டிப்பார்க்க விட்டால் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். பாத்திரத்தின் பார்வை, நீட்டிய கை, மேசையின் விளிம்பு ஆகியவையும் கண்ணை இழுத்துச் செல்பவையே. ஆனால் பலூனுக்கு இருக்கும் இழுவிசை இவை எவற்றுக்கும் கிடையாது. எழுத்தைக் கண்டால் கண் முதலில் அங்கேதான் போகும். பலூன்களை மட்டும் புள்ளிகளாக வைத்து ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் கண் செல்லும் பாதை கிடைத்துவிடும். முக்கியமான முகமும் பொருளும் அந்தக் கோட்டின்மேலோ அதன் அருகிலோ இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். நம் பக்கத்தில் மூடியின் உட்புறக் குறி அந்தக் கோட்டிலிருந்து விலகி ஒரு மூலையில் கிடந்தால், கதையின் உயிரையே வாசகர் தாண்டிப் போய்விடக்கூடும்.

படம் வரைந்துவிட்டு வசனம்

இரண்டாவது வழியை அமெரிக்காவில் ‘மார்வெல் முறை’ என்றே அழைக்கிறார்கள். 1960களில் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் எழுத்தாளர் ஸ்டான் லீ ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு எழுத வேண்டியிருந்ததால், ஓவியருடன் கதையைப் பேசியோ சுருக்கமாக எழுதிக்கொடுத்தோ அனுப்பிவிடுவார். ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்கள் அதைப் பக்கங்களாகப் பிரித்து வரைந்து கொண்டுவந்த பிறகு அந்தப் படங்களைப் பார்த்து வசனம் எழுதுவார். நேர நெருக்கடிக்காகப் பின்பற்றப்பட்ட இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. 1966இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழுக்காகக் கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில், இருவரும் பேசிய கதையில் இல்லாத ஒரு பாத்திரம் வெள்ளிப் பலகையின்மேல் பறந்துகொண்டிருந்தது. ‘சில்வர் சர்ஃபர்’ பிறந்தது அப்படித்தான். முழு ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு வரையும் ஓவியர் இப்படி ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்திருக்க வாய்ப்பே இல்லை. அதே ஏற்பாடு, கதையை உண்மையில் உருவாக்கியவர் யார் என்ற நெடிய பூசலுக்கும் இடங்கொடுத்தது. இருவர் சேர்ந்து இந்த வழியில் வேலை செய்வதானால் யார் பெயர் எப்படி வரும் என்பதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

படம் முதலில் வரும்போது நம் கடிகாரக் காட்சியின் மௌனம் பிழைத்துக்கொள்கிறது. முதியவர் குறியைப் பார்க்கும் கட்டத்தை ஓவியர் பெரிதாக, சலனமற்று வரைவார். வசனத்துக்காக இடம் விட வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லாததால் ஒளியும் கையும் முகமும் தத்தம் இடத்தில் அமையும். துரத்தல், சண்டை, விபத்து, தனிமை என்று உடலால் சொல்லப்படும் பகுதிகளுக்கெல்லாம் இந்த வழியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பேச்சால் நகரும் காட்சிகளுக்கு இது பொருந்தாது. வலப்பக்கம் நிற்பவர் முதலில் பேச வேண்டும் என்பது, வரைந்து முடித்த படத்தின் முன்னால் வசனகர்த்தா அமரும்போதுதான் தெரியவரும். அப்போது அவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: பலூனை எங்கேயாவது நுழைத்து ஏதோ ஒன்றை மறைப்பது, அல்லது யார் முதலில் பேசுவது என்பதையே மாற்றி எழுதுவது. ஒருமுறை நான் வசனம் எழுதிய பக்கம் ஒன்றில், கதைக்கு அடிப்படையான கடிதத்தைப் பிடித்திருந்த கையின்மேல்தான் பலூனை வைக்க முடிந்தது. அடுத்த பக்கத்தில் அந்தக் கடிதத்தை எடுத்து ஒருவர் படித்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்டார்கள். ஓவியர் மேல் குற்றமில்லை. நான் என்ன எழுதப்போகிறேன் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு நோயும் இந்த வழியில் வரும். முடிந்த படத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுபவர், படத்தில் இருப்பதையே சொல்லிவிடும் பழக்கத்துக்கு ஆளாகிறார். முதியவர் மூடியைத் திறக்கும் படத்தின்மேல், “மூடியைத் திறந்து பார்க்கிறேன்” என்ற பலூன் வந்து உட்கார்ந்துவிடும். இதற்கு எளிய தற்காப்பு, வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பது, பிறகு படத்தை மறைத்துக்கொண்டு வசனத்தைப் படிப்பது. இரண்டிலும் ஒரே செய்தி கிடைத்தால் வசனத்தை நீக்கிவிடலாம். ஓவியருக்குச் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு: வசனம் பின்னால்தான் வரும் என்றாலும், பேச்சு இருக்கும் என்று தெரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் மேற்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முக்கியமான எதுவும் இல்லாத வெளியாக விட்டுவைப்பது. தலைகளைக் கட்டத்தின் மேல்விளிம்புவரை வரைந்துவிட்டால் வசனத்துக்குப் போக்கிடமே இல்லை.

இந்த இரு வழிகளுக்கும் இடையில் ஒரு பழைய கலப்பு முறையும் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தில் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் கதையை நேரடியாக ஓவிய அட்டையின்மீதே எழுதுவார். எழுத்து முழுவதும் அட்டையில் பொறிக்கப்பட்ட பிறகே அது ஓவியர் கைக்குப் போகும். பலூனுக்கு இடம் போதாது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மாறாக, படத்துக்குத்தான் இடம் போதாது. பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் என்ற ஓவியருக்கு 1955இல் அப்படி வந்த ஆறு பக்கக் கதை ஒன்று எட்டுப் பக்கமாக விரிந்தால்தான் நிற்கும் என்று தோன்றியது. பதிப்பாளரிடம் கேட்டு வாங்கிய கூடுதல் பக்கங்களில், எழுத்துப் பொறித்த அட்டைகளைக் கத்தரித்துப் பிரித்து ஒட்டி, இடையிடையே மெல்லிய கட்டங்களை நுழைத்து அதை அவர் விரித்தார். ‘மாஸ்டர் ரேஸ்’ என்ற அந்தக் கதையை இன்றும் காமிக்ஸ் கற்பவர்கள் எடுத்து ஆராய்கிறார்கள். வசனத்தின் வரிசையைச் சற்றும் குலைக்காமல், அதற்கிடையிலுள்ள நேரத்தை மட்டும் படத்தால் நீட்டிக் காட்டினார் என்பதே அதில் கவனிக்க வேண்டியது. இப்போது கணினியில் பலூன்களைத் தனி அடுக்கில் வைத்து முதலில் பக்கத்தில் பரப்பிவிட்டு, அதற்குக் கீழுள்ள அடுக்கில் வரைவது இதன் நவீன வடிவம், கத்தரிக்கோல் தேவையில்லை. பேச்சு அதிகமுள்ள, நகைச்சுவைக் கதைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

சிறு வரைவில் இரண்டையும் சேர்ப்பது

மூன்றாவது வழியை ஜப்பானியக் காமிக்ஸான மாங்கா உலகம் ஒரு நிலையான படியாகவே வைத்திருக்கிறது. அங்கே ‘நேமு’ என்று அழைக்கப்படும் வரைவில் கட்டப் பிரிப்பு, குச்சி உருவங்கள், பலூன்கள், வசனம் எல்லாம் இருக்கும். பதிப்பாசிரியர் அதைப் படித்துத் திருத்தி ஒப்புக்கொண்ட பிறகே இறுதி ஓவியம் தொடங்கும். இ.சி. நிறுவனத்திலேயே ஹார்வி கர்ட்ஸ்மன் தம் போர்க் கதைகளுக்கு இத்தகைய விரிவான வரைவுகளைத் தாமே போட்டுக்கொடுத்து, ஓவியர்கள் அதையொட்டியே வரைய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரே நிறுவனத்தில் ஒருவர் எழுத்தை முதலில் வைத்தார், இன்னொருவர் வரைவை முதலில் வைத்தார் என்பதிலிருந்தே இது கொள்கைச் சண்டை அல்ல, வேலை செய்பவரின் இயல்பைப் பொறுத்தது என்பது விளங்கும்.

நம் கடிகாரப் பக்கத்தைச் சிறு வரைவாகப் போட்டால், முதியவர் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார், அவரே முதலில் பேசுகிறார் என்ற முரண் இரண்டு நிமிடத்தில் கண்ணில் படும். திருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் தாள்தான். கடைசி வசனத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. அச்சுப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வருகிறது. அதைத் திருப்பினால்தான் அடுத்த இரட்டைப்படைப் பக்கம் தெரியும். வாசகருக்கு அதிர்ச்சி தர வேண்டியது எதுவானாலும் இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்தில் வர வேண்டும். அதற்கு முந்தைய வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் அதைத் தூண்டிவிடும் கேள்வியாகவோ பார்வையாகவோ இருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இடப்பக்கத்தின் முடிவில் என்னதான் மர்மம் வைத்தாலும், வலப்பக்கம் ஏற்கெனவே கண்ணில் பட்டுவிடுவதால் அது வீணாகிவிடும். நம் காட்சியில் முதியவரின் மௌனத்தோடு வலப்பக்கத்தை முடித்து, “இதை நான் முன்னாடியே ஒரு தடவை திறந்திருக்கேன்” என்பதைப் பக்கம் திருப்பியதும் வைப்பது ஒரு தேர்வு. மௌனமும் வசனமும் ஒரே பக்கத்தில் இருந்தால் தணிந்த குரலாக ஒலிக்கும். பிரித்தால் உரத்து ஒலிக்கும். இந்தக் கதைக்குத் தணிந்த குரலே பொருத்தம் என்று நினைக்கிறேன். எழுத்து ஸ்கிரிப்டில் இந்த வேறுபாட்டை உணர்வது கடினம். வரைவுத் தாள்களை மடித்துத் திருப்பிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. சிறு வரைவில் எழுத்தின் அளவு நம்மை ஏமாற்றும்: குச்சி மனிதனுக்கு மேல் பொடியெழுத்தில் எழுதிய வசனம் எப்போதும் அடங்கிவிடுவதுபோலத் தோன்றும். அமெரிக்க முறையில் ஓவியம் ஏறக்குறைய 10 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட பரப்பில் வரையப்பட்டு, அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கப்படுகிறது. இப்படிச் சுருங்கிய பிறகு படிக்க முடியுமா என்பதை வரைவு காட்டாது. வசனத்தை மட்டும் அச்சில் வரப்போகும் அளவிலேயே கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கத்தரித்து, வெற்றுக் கட்டங்களின்மேல் வைத்துப் பார்த்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்களுக்குச் செய்தாலே அளவு கைக்கு வந்துவிடும். இரண்டாவது குறை, வசனத்தின் தரம் பற்றியது. இடத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது பேச்சு கட்டத்துக்கு ஏற்றாற்போல் நறுக்கப்படுகிறது. எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரித் தந்தி மொழியில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இதற்கு மருந்தாக, வரைவுக்கு முன் உரையாடலை மட்டும் நாடகம்போல இடத்தைப் பற்றிய கவலையின்றி எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, அதிலிருந்து வரைவுக்குத் தேவையானதை எடுப்பது எனக்கு உதவியிருக்கிறது. மூன்றாவதாக, ஒருவர் போட்ட குச்சி வரைவு இன்னொருவருக்குப் புரியாமல் போகலாம் என்பதையும் சொல்லவேண்டும். ஓவியர் வேறொருவராக இருந்தால் வரைவோடு ஒரு பத்தி விளக்கமும் போக வேண்டும். அந்த வரைவு தம் கையைக் கட்டிப்போடுவதாக அவர் நினைத்தால் அதில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

கைப்பேசித் திரைக்காக மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வடிவத்தில் வரைபவர்களுக்குக் கணக்கு சற்று மாறுகிறது. ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரு கட்டமே திரையில் தெரிவதால் இடமா வலமா என்ற குழப்பம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பக்கம் திருப்பும் உத்தியும் அதோடு போய்விடுகிறது. அதன் இடத்தில் கட்டங்களுக்கிடையே விடும் வெற்றிடமே நேரத்தை அளக்கிறது. முதியவரின் மௌனத்தை இங்கே ஒரு கட்டமாகக் கூட வரைய வேண்டியதில்லை. குறியைக் காட்டும் கட்டத்துக்கும் அவருடைய வசனத்துக்கும் இடையே ஒரு திரை உயரத்துக்கு வெறும் வெள்ளையை விட்டாலே போதும். இந்த வடிவத்துக்கு முழு ஸ்கிரிப்டைவிட உருட்டிப் பார்க்கக்கூடிய வரைவு மிகவும் பயன்படும். வெற்றிடத்தின் நீளத்தைச் சொல்லால் குறிக்க முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

தனியாக எழுதி வரைபவருக்கு என் பரிந்துரை மூன்றாவது வழிதான், அதுவும் முன்பு சொன்னபடி உரையாடலை மட்டும் நாடகமாக ஒருமுறை எழுதிப் பார்த்த பிறகு. கட்டங்களை எண்ணுவதிலிருந்து தொடங்கினால் வசனம் வீணாகிறது, வசனத்திலிருந்து மட்டும் தொடங்கினால் படம் வீணாகிறது. வரைவு இரண்டையும் ஒரே தாளில் மோதவிடுகிறது.

எழுத்தாளரும் ஓவியரும் வெவ்வேறு நபர்கள், அவர்கள் இதற்கு முன் சேர்ந்து வேலை செய்ததில்லை என்றால் முழு ஸ்கிரிப்டே பாதுகாப்பானது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் இடம், யார் வலம் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் அதன் பெரிய குறை நீங்கிவிடுகிறது. இருவரும் பலமுறை சேர்ந்து வேலை செய்தவர்கள், கதையும் செயல் நிறைந்தது என்றால், படம் முதலில் வரட்டும். ஆனால் பேச்சு நடக்கும் பக்கங்களுக்கு மட்டுமாவது, யார் முதலில் பேசுவார், யார் கடைசியில் பேசுவார் என்ற வரிசை ஓவியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சொற்கள் பின்னால் மாறலாம், வரிசை மாறக் கூடாது. ஒரே கதைக்குள் வழிகளைக் கலப்பதிலும் தவறில்லை: கடிகாரக் கடைக் காட்சியை வரைவில் திட்டமிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தோடு சிறுமி மழையில் ஓடும் நான்கு பக்கங்களை ஒரே வரிச் சுருக்கமாக ஓவியரிடம் விட்டுவிடலாம்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் தாம் ஏற்கெனவே முடித்த ஒரு பக்கத்தை எடுத்து, அதில் எத்தனை பலூன்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது, எத்தனை வசனங்களை இடமின்மையால் வெட்ட வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். இடமாற்றம் அதிகமென்றால் படத்தில் ஆட்கள் நிற்கும் வரிசை பேச்சின் வரிசையோடு பொருந்தவில்லை என்று பொருள். அவர்கள் வரைவுக்கு மாறலாம். வெட்டியது அதிகமென்றால் எழுதும்போதே வரியை எண்ணவில்லை என்று பொருள். அதற்கு வழியை மாற்றத் தேவையில்லை, பலூனுக்கு நான்கு வரி என்ற வரம்பை ஸ்கிரிப்டிலேயே போட்டுக்கொண்டால் போதும்.